இளைப்பு, வீசிங், இன்ஹேலர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மழை தொடங்கிவிட்டது, தீபாவளியும் நெருங்குகிறது. நெஞ்சக நோய்ப் பிரிவில் கூட்டம் நெருக்கும் மாதங்கள் இவை. ஆஸ்துமா இளைப்போடு வருகிறவர்களில் பலரிடம் இன்ஹேலர் இருக்கும். ஆனால் அதை எப்போது, எதற்காகப் போடுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்களுக்கான மருந்தின் அளவை மட்டும் உங்களைப் பரிசோதித்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருவண்ணாமலையிலிருந்து ஒரு தாய்): என் மகனுக்கு 6 வயது. மாதம் ஒருமுறையாவது வீசிங் வந்து நெபுலைசர் வைக்க ஓடுகிறோம். டாக்டர் தினமும் போடச் சொல்லி பஃப் எழுதிக் கொடுத்தார். "இந்த வயசுல பம்ப் பழக்கினா ஆயுசுக்கும் விட முடியாது" என்கிறார் என் மாமியார். சிரப்பே கொடுத்தால் போதாதா?

பதில்: உங்கள் மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. அவர் காலத்தில் ஆஸ்துமா முற்றிப்போன பிறகுதான் இன்ஹேலரே கைக்கு வரும். அதனால் இன்ஹேலர் வந்தாலே நோய் முற்றிவிட்டது என்று ஊரில் ஒரு எண்ணம் நிலைத்துவிட்டது. இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை.

கணக்கைப் பாருங்கள். வீசிங்குக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே மருந்து ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம்தான். அதாவது ஒரு ஸ்பூன் சிரப் 20 பஃப்புக்குச் சமம். சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வரும். குழந்தைக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். கண் சிவந்தால் கண்ணில்தானே சொட்டு மருந்து விடுகிறோம்? மூச்சுக்குழாய்க்கான மருந்தை மூச்சு வழியாகக் கொடுப்பதும் அப்படித்தான்.

தினமும் போடச் சொன்னது புடசனைடு மாதிரி ஸ்டீராய்டு இன்ஹேலராக இருக்கும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பதற வேண்டாம். மறைக்காமல் சொல்கிறேன்: வருடக்கணக்கில் போட்ட குழந்தைகளுக்கு வளர்ந்த பிறகு உயரம் சுமார் 1 செ.மீ. குறைவாக இருக்கலாம் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதோடு இதையும் வைத்துப் பாருங்கள். அடிக்கடி வீசிங் வந்து, ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு சிரப்போ ஊசியோ போட்டுக்கொள்ளும் குழந்தையின் உடம்பில் அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டு சேர்கிறது. பள்ளியும் போகிறது, தூக்கமும் போகிறது. என் பிள்ளையாக இருந்தால் நான் இன்ஹேலரைத்தான் கொடுப்பேன்.

அவனுக்கு ஸ்பேசர் கட்டாயம் வேண்டும். பஃப்போடு பொருத்தி, அடித்த மருந்தைத் தேக்கி நிதானமாக இழுக்க உதவும் குழல் அது. 6 வயதில் முகமூடி இல்லாமல், வாயில் வைக்கும் ஸ்பேசரையே பழக்கலாம். ஒரு பஃப்பை உள்ளே அடித்துவிட்டு 5, 6 மூச்சு நிதானமாக இழுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை, ஆட்டோ ஓட்டுநர்): ஆஸ்தாலின் மட்டும் வைத்திருக்கிறேன் டாக்டர். மூச்சு முட்டினால் 2 பஃப், 5 நிமிடத்தில் சரியாகிவிடும். மாதம் ஒரு டப்பா தீர்கிறது. வேறு தொந்தரவு இல்லை. இப்படியே தொடரலாமா?

பதில்: வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

ஆஸ்துமாவில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்சுவர் வீங்கிச் சளி கட்டுகிறது. உங்கள் ஆஸ்தாலின், அதாவது சால்பியூட்டமால் உள்ள நீல நிற பஃப், தசையை மட்டும் தளர்த்தும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. உங்களுக்கு மூச்சு திறந்துவிட்டதாகத் தோன்றும். உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் ஒரு சளியோ புகையோ சேர்ந்தால் 10 பஃப் அடித்தாலும் கேட்காது.

ஒரு டப்பாவில் 200 பஃப். மாதம் ஒன்று என்றால் வருடத்துக்கு 12. வருடத்துக்கு 3 டப்பாவுக்கு மேல் போனாலே கடுமையான திணறல் வரும் ஆபத்து கூடுகிறது, 12 என்ற கணக்கில் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பு, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் இந்த மருந்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019-இல் மாற்றிச் சொன்னது. இப்போது முதலில் பரிந்துரைப்பது புடசனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரை. ஃபார்மோடெராலும் சில நிமிடங்களில் மூச்சைத் திறக்கும், கூடவே புடசனைடு வீக்கத்தைக் குறைக்கும். இந்த வாரமே ஒரு நெஞ்சக நோய் மருத்துவரைப் பாருங்கள். சவாரி ஒரு நாள் போனால் போகட்டும்.

அவரே மறுபடி: அந்த மாதிரி ஒன்று முன்பே எழுதிக் கொடுத்தார்கள். 4 நாள் போட்டேன். ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

பதில்: தெரியாதுதான். வீக்கம் வடிவது ஒரு நாளில் நடக்கிற வேலை இல்லை. ஒன்றிரண்டு வாரத்தில் இரவுத் தூக்கம் சீராகும், நீல பஃப்பைத் தேடுவது குறையும். முழுப் பலன் தெரிய 2, 3 மாதம்கூட ஆகலாம். அதுவரை நீங்கள் விடாமல் போட வேண்டும். மூச்சு நன்றாக இருக்கும் நாட்களிலும் போட வேண்டும். ஆஸ்துமாவை அடக்குகிற வைத்தியம் அந்த நாட்களில்தான் நடக்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்): ஐந்தாறு வருடமாக இன்ஹேலர் எடுக்கிறேன். பலன் பாதிதான். மருந்தை மாற்ற வேண்டுமா?

பதில்: ஐயா, மருந்தை மாற்றும் முன் போடும் விதத்தைப் பார்த்துவிடலாம். அடுத்த முறை போகும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துப் போய், மருத்துவர் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். எங்கள் பிரிவில் "கேட்கவில்லை" என்று வருகிற பலருக்கு, போடும் முறையைத் திருத்திய பிறகு அதே மருந்து கேட்கிறது.

அழுத்தி அடிக்கும் பஃப் என்றால்: நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். 10 வினாடி மூச்சை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். கையும் மூச்சும் ஒத்துவராவிட்டால் ஸ்பேசர் வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கும் அது வேண்டியதுதான், அதில் கூச்சம் எதற்கு?

மாத்திரை மாதிரி ரோட்டாகேப் போட்டுத் திருகும் ரோட்டாஹேலர் என்றால் முறை நேர் எதிர். அதில் பொடியை உங்கள் மூச்சுதான் இழுத்து வர வேண்டும். அதனால் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பஃப்பிலிருந்து ரோட்டாகேப்புக்கு மாறிய பலர் பழைய பழக்கத்தில் மெதுவாக இழுத்துவிட்டு, பாதி மருந்தைத் தொண்டையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டீராய்டு உள்ளது எதுவானாலும் போட்ட பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் குரல் கம்மும், நாக்கில் வெள்ளை படியும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (சென்னை, வீட்டில் இரண்டு ஆஸ்துமாக்காரர்கள்): கொசுவர்த்தி இல்லாமல் தூங்க முடியாது. சாம்பிராணியும் வெள்ளிக்கிழமை தவறாது. இதெல்லாம் அவ்வளவு கெடுதலா?

பதில்: கொசுவர்த்தி கெடுதல்தான். இதில் இரண்டு பேச்சு இல்லை. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதையும் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு, குழந்தை படுக்கும் கட்டிலுக்கு அடியில் வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். லிக்விட் மெஷினில் புகை இல்லை என்றாலும் சிலருக்கு அந்த வாசனையே இருமலைக் கிளப்பும்.

சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்ல நான் யார்? தீபம் ஏற்றுங்கள், பூ வையுங்கள். சாம்பிராணியை வாசலோடு நிறுத்திக்கொண்டு, ஆஸ்துமா உள்ளவர் அந்த அரை மணி நேரம் வேறு அறையில் இருக்கட்டும். மிளகாய் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால், பால்கனியில் நின்று பிடித்தாலும் சட்டையில் ஒட்டிக்கொண்டு அது உள்ளே வரும்.

தீபாவளிக்கும் போகிக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். போகி விடியலில் டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கும் புகை, மார்கழிப் பனியோடு தரையிலேயே தங்கிவிடும். அந்த நாட்களுக்கு முன்பிருந்தே, தினமும் போடும் ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலரை ஒருவேளைகூட விடாதீர்கள். ஜன்னலைச் சாத்தி வையுங்கள், நடைப்பயிற்சியைத் தள்ளிப் போடுங்கள். முடிந்தால் அந்த இரண்டு நாளும் புகை குறைந்த ஊரில் உறவினர் வீட்டில் இருங்கள்.

கேள்வி: வாழைப்பழம், தயிர், எலுமிச்சை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு இவற்றால் ஆஸ்துமா வருவதில்லை. ஒரு பொருளைச் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் இருமலோ இறுக்கமோ வருகிறது என்றால் அதை மட்டும் விடுங்கள். குழந்தைகளுக்குப் பழத்தையும் தயிரையும் நிறுத்திவிட்டுச் சத்துக் குறைவை வரவழைக்காதீர்கள்.

கேள்வி (சேலம்): நாட்டு மருந்தில் ஆஸ்துமா அடியோடு போய்விடும் என்கிறார்களே? ஹைதராபாத் மீன் மருந்துக்கும் எங்கள் தெருவிலிருந்து ஆள் போகிறார்கள்.

பதில்: ஆடாதொடையை நான் மதிக்கிறேன். இன்று இருமலுக்குத் தரும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தே ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டி உருவாக்கப்பட்டதுதான். தூதுவளை ரசமும் கற்பூரவல்லிச் சாறும் சளி நேரத்தில் இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் இன்ஹேலர் செய்யும் வேலையை இவை செய்யாது.

ஜூன் மாதத்தில் உயிருள்ள விரால் மீனோடு விழுங்க வைக்கும் அந்த மருந்து ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதைவிட எனக்குப் பெரிய பயம், பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடிதான். இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்கிறது, பசி அதிகமாகிறது, முகம் உப்புகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பல மாதம் சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள், கோபித்துக்கொள்வாரோ என்று மறைக்க வேண்டாம்.

கேள்வி: பகலில் நன்றாகத்தான் இருக்கிறேன். விடியற்காலை 3 மணிக்கு இருமல் எழுப்பிவிடுகிறது. ஏன்?

பதில்: அந்த நேரத்தில் எல்லோருக்குமே மூச்சுக்குழாய் கொஞ்சம் சுருங்கும். உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ஸ்டீராய்டின் அளவும் நள்ளிரவை ஒட்டி இறங்கியிருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போகிறது. இரவில் எழுப்புகிறது என்றாலே நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். மருந்தின் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

படுக்கையையும் பாருங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தூசி உண்ணிகளுக்கு நல்ல வீடு. உறைகளை வாரம் ஒருமுறை, கை பொறுக்காத சூட்டில், அதாவது 60 டிகிரி அளவில் துவையுங்கள். மெத்தையையும் தலையணையையும் முழுக்க மூடும் உறை போடுங்கள். ஈரச்சுவரில் கருப்பாகப் படரும் பூஞ்சணம் மழை மாதங்களின் பெரிய வில்லன். மேலே சுண்ணாம்பு அடித்து மறைக்காமல், ஒழுகும் இடத்தை அடையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 2, 3 மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். நெஞ்செரிச்சலும் இருமலைக் கிளப்பும்.

கேள்வி (திருப்பூர் பக்கம், நூற்பாலைத் தொழிலாளி): வார விடுமுறை முடிந்து திங்கள்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகுகிறது. இது ஆஸ்துமாவா?

பதில்: நல்ல வேளை, கிழமையோடு சேர்த்துக் கவனித்திருக்கிறீர்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோயில் இப்படித்தான் விடுமுறைக்குப் பின் வரும் முதல் நாளில் இறுக்கம் தெரியும். தொழிலால் வரும் ஆஸ்துமா வேறு. அது வேலை நாட்களில் கூடி, விடுமுறையில் குறையும். பெயிண்ட் ஸ்பிரே அடிப்பவர்கள், மாவு மில்லில் இருப்பவர்கள், கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்களுக்கும் இது வரும்.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடிந்தால், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, வேலை நாளிலும் விடுமுறையிலும் ஊதி, தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறிக்க வேண்டும். அந்த நோட்டு மருத்துவருக்கு எவ்வளவோ சொல்லும். தாமதிக்காதீர்கள். தூசியிலேயே வருடங்கள் போனால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.

கேள்வி: 4 மாதக் கர்ப்பம். குழந்தைக்கு ஆகாது என்று இன்ஹேலரை நிறுத்திவிட்டேன்.

பதில்: இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள் அம்மா, உங்கள் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. வழக்கமான இன்ஹேலர்கள் கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பவை. திணறல்தான் குழந்தைக்கு ஆபத்து, மருந்து இல்லை. கர்ப்பத்தில் மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமா கூடும் என்பதால் மாதாமாதம் இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், 58 வயது): வேறு நோய்க்கு எடுக்கும் மருந்து ஆஸ்துமாவைக் கிளப்புமா?

பதில்: கிளப்பும். சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஒரு மணி நேரத்துக்குள்கூட கடும் திணறலைக் கொண்டு வரும். மூக்கில் சதை வளர்ச்சி இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கும் சாதாரண அளவில் பாராசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் புரோப்ரனலால் இன்னொன்று. பலர் யோசிக்காதது கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு. கண்ணில் விடும் சொட்டு மூச்சை என்ன செய்யும் என்று நினைப்போம், ஆனால் செய்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், "எனக்கு ஆஸ்துமா" என்பதை முதலில் சொல்லுங்கள். தானாக எதையும் நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று கேளுங்கள்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. ஓடினால் வீசிங். விளையாட்டு வகுப்பில் உட்கார வைத்துவிடுங்கள் என்று கடிதம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்குப் பதின்ம வயதிலிருந்தே ஆஸ்துமா. தடுப்பு மருந்து சரியாக இருந்தால் பிள்ளை ஓடலாம். முதலில் 10, 15 நிமிடம் மெதுவான பயிற்சி செய்யட்டும். அப்புறம் மருத்துவர் சொன்னால் விளையாடுவதற்கு முன் இன்ஹேலர் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால், அவள் பையில் இன்ஹேலர் இருக்கிறது, கேட்டவுடன் போட விட வேண்டும் என்று எழுதுங்கள்.

கேள்வி (பலர்): திடீரென்று அட்டாக் வந்தால் வீட்டில் என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் அது திடீரென்று வருவதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பே தூக்கம் கெடும், மாடி ஏறினால் இரைக்கும், நீல பஃப் அடிக்கடி தேவைப்படும். பீக் ஃப்ளோ ஊதுகிறவருக்கு, தன் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது தெரியும். அந்த நாட்களில் எந்த மருந்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். இந்த ஒரு தாள் பல குடும்பங்களை நள்ளிரவு ஓட்டத்திலிருந்து காப்பாற்றும்.

வந்துவிட்டால்: படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள். கூட்டம் சூழ வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பொதுமக்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை நினைவில் வைக்க எளிது. நீல பஃப்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 முறை, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பொறுங்கள். குறையாவிட்டால் மறுபடி 4. அதற்கும் குறையாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை இதையே தொடருங்கள்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாதவர், உதடு நீலம் பாய்ந்தவர், விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கும் குழந்தை, குழம்பியோ மயங்கியோ போகிறவர் என்றால் 4 நிமிடம் காத்திருக்காமல் முதலிலேயே அழையுங்கள். இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஆள் சோர்ந்து சத்தமும் அடங்கினால், காற்றே போகவில்லை என்று பொருள்.

கேள்வி: மூன்று மாதமாக எந்தத் தொந்தரவும் இல்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், குறைக்கலாம். அதையும் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகச் செய்யுங்கள். பருவமழைக்கு நடுவிலும் பரீட்சை நேரத்திலும் குறைக்க வேண்டாம். வானிலை தெளிந்த மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள். வருடம் ஒருமுறை இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டப்பாவில் மருந்து இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: தண்ணீரில் போடாதீர்கள், அந்தச் சோதனை நம்பத்தக்கதல்ல, வாய்ப்பகுதியும் அடைத்துக்கொள்ளும். மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் "புஸ்" என்று வரும் என்பதால் சத்தத்தையும் நம்ப முடியாது. எண் காட்டும் டப்பாவாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் தொடங்கிய தேதியை டப்பாவின் மேல் எழுதுங்கள். தடுப்பு இன்ஹேலரில் 120 பஃப் இருந்து தினமும் 4 போடுகிறீர்கள் என்றால் 30 நாளில் தீரும். 25-ஆம் நாளே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.